நாட்டுச் சட்டை கிடைக்காதவர்கள்

1977 மே 25. ரோம் ஒலிம்பிகோ மைதானத்தில் இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூல், ஜெர்மனியின் போருசியா மோன்ஷன்கிளாட்பாக்கை 3-1 என்று வென்று கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை முதல் தடவையாகக் கையில் எடுத்தது. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பதினோரு பேரில் ஒன்பது பேர் இங்கிலாந்துக்காரர்கள். மற்ற இருவரில் ஜோயி ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டவர், ஸ்டீவ் ஹெய்வே அயர்லாந்துக்கு ஆடியவர்.

மூன்றரை மாதம் போனது. இங்கிலாந்து அணியின் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ரான் கிரீன்வுட், செப்டம்பர் 7-ம் தேதி சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தன் முதல் அணியை இறக்கினார். ஐரோப்பாவை வென்ற அணி வீட்டிலேயே இருக்கும்போது வேறெங்கே தேடுவது என்று நினைத்திருப்பார் போல. கிளெமன்ஸ், நீல், ஹியூஸ், மெக்டெர்மட், ரே கென்னடி என்று லிவர்பூல் ஆட்களை வரிசையாக எடுத்தார். பதினோரு ஆண்டுகளாக நாட்டுக்கு ஆடாமல் இருந்த இயன் கேலகனைக்கூட மறுபடி கூப்பிட்டார். கோடையில் ஹாம்பர்க்குக்குப் போய்விட்ட கெவின் கீகனும் இருந்தார். ஆக, ரோமில் ஆடிய ஒன்பது இங்கிலாந்துக்காரர்களில் ஏழு பேர் ஒரே நாளில் நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது, அது வேறு விஷயம்.

மிச்சம் இரண்டு பேர். ஒருவர் டாமி ஸ்மித். அவருக்கு அப்போது 32 வயது, 1971-லேயே நாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடி முடித்திருந்தார். இன்னொருவர் ஜிம்மி கேஸ், வயது 23. அந்த ஒன்பது பேரில் வாழ்நாளில் ஒரு தடவைகூட இங்கிலாந்துக்கு ஆடாமல் போனவர் அவர் மட்டும்தான்.

கேஸ் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டே கால்பந்து ஆட வந்தவர். வலப்பக்க நடுக்களத்தில் முரட்டுத்தனமாகத் தடுப்பார், தூரத்திலிருந்து பந்தை உதைத்தால் கோல்கீப்பர்கள் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு வேகம் இருக்கும். ரோம் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி பந்தை வாங்கினார், அப்படியே உடம்பைத் திருப்பி மேல் மூலைக்கு அடித்தார். லிவர்பூல் அன்று 2-1 என்று தோற்றது. எதிரணியின் வலப்பக்கத்தில் அன்று ஆடியவர் ஸ்டீவ் காப்பெல். அதே ஆண்டு நவம்பரில் இத்தாலிக்கு எதிராகக் காப்பெல் இங்கிலாந்துக்கு அறிமுகமானார். கிரீன்வுட்டுக்குப் பக்கவாட்டில் ஓடிப்போய் பந்தைக் குறுக்கே அனுப்பும் ஆள் வேண்டியிருந்தது. கேஸ் அந்த வகை ஆட்டக்காரர் கிடையாது. காப்பெலுக்கு 42 ஆட்டங்கள், கேஸுக்கு ஒன்றும் இல்லை. மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் நான்கு லீக் பட்டங்களும் கேஸிடம் இருந்தன.

இந்த ஒரு ஆளின் கதையிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 'இவ்வளவு திறமைசாலி நாட்டுக்கு ஆடவில்லையா!' என்று நாம் ஆச்சரியப்படும்போது, தேசிய அணி என்பது நாட்டின் மிகச் சிறந்த பதினோரு பேரின் பட்டியல் என்று மனதுக்குள் வைத்துக்கொள்கிறோம். அது அப்படி இயங்குவதே இல்லை. கிளப் பயிற்சியாளர் தன் ஆட்களோடு வாரம் முழுக்கப் பயிற்சி செய்கிறார், பத்து மாதம் ஆடுகிறார். ஒருவர் சரிப்படவில்லை என்றால் இடத்தை மாற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது. தேசியப் பயிற்சியாளரிடம் ஒரு ஆட்டத்துக்கு முன் இருப்பது மூன்று நான்கு நாள். அதற்குள் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் தன் மனதில் இருக்கும் ஆட்டத்துக்கு ஏற்கெனவே பொருந்தியவரைத்தான் தேடுவார். அப்புறம், ஒரு தடவை உள்ளே வந்து சுமாராக ஆடிவிட்டவர் அங்கேயே நிலைத்துவிடுவார். வெளியே நிற்பவர் அவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, பயிற்சியாளர் தன் பழக்கத்தை உடைக்கும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும்.

எண்ணிக்கையும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் தேசிய அணி ஆண்டுக்கு ஆடிய ஆட்டங்களும் குறைவு, ஆட்டத்தில் இறக்கிய மாற்று வீரர்களும் குறைவு. பின்னாளில் நட்பு ஆட்டங்களில் மாற்று வீரர்கள் பெருகி அது வேடிக்கையான அளவுக்குப் போனது. 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஸ்வென் ஈரன் எரிக்சன் இடைவேளையில் பதினோரு பேரையும் மாற்றினார். அன்றுதான் 17 வயது வெய்ன் ரூனி முதலில் இறங்கினார். அதற்குப் பிறகு ஃபிஃபா 2004-ல் நட்பு ஆட்டத்துக்கு ஆறு மாற்று வீரர்கள்தான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படி இறங்கிக் கால் மணி நேரம் ஆடியவருக்கும் கணக்கில் ஒரு 'கேப்' சேரும். 1886-லிருந்து இங்கிலாந்து தன் வீரர்களுக்கு நிஜமாகவே தொப்பி கொடுத்து வந்ததால் வந்த பெயர் அது. இன்றும் ஒரு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை தொப்பி என்று எண்ணித்தான் எழுதுகிறார்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதுபோல் தெரிவது அந்த எண்ணால்தான்.

எவர்டன் கிளப்பின் நடுக்களத்தில் அறுபதுகளின் கடைசியில் மூன்று பேர் சேர்ந்து ஆடினார்கள். ஆலன் பால், காலின் ஹார்வி, ஹோவர்ட் கெண்டல். அந்த ஊர் ரசிகர்கள் அவர்களைப் புனித மும்மூர்த்திகள் என்றே கூப்பிட்டார்கள். 1969-70 லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது அந்த நடுக்களம். ஒருவர் இல்லாமல் மற்ற இருவரின் ஆட்டத்தை விளக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களின் தொப்பிக் கணக்கு: பால் 72, ஹார்வி 1, கெண்டல் 0. மூவரின் திறமைக்கு நடுவே இருந்த தூரம் 72-க்கும் 0-வுக்கும் நடுவே உள்ள தூரம்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து கிளப்புகள் 1977 முதல் 1982 வரை தொடர்ந்து ஆறு தடவை ஐரோப்பியக் கோப்பையை வென்றன. இதில் 1979, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோப்பையை வாங்கிக்கொண்ட கேப்டன்கள் தங்கள் நாட்டுக்கு ஒரு தடவைகூட ஆடாதவர்கள். முதல் இரண்டையும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்காகத் தூக்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மெக்கவர்ன். மூன்றாவதை ஆஸ்டன் வில்லாவுக்காகத் தூக்கியவர் டென்னிஸ் மார்ட்டிமர்.

மெக்கவர்னைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிரையன் கிளஃப் என்ற பயிற்சியாளர் ஹார்ட்டில்பூல்ஸில் இருந்தபோது 16 வயதுப் பையனாக அவரை ஆட்டத்தில் இறக்கினார். கிளஃப் டெர்பிக்குப் போனபோது மெக்கவர்னும் போனார். லீட்ஸுக்குப் போனபோதும் போனார். ஃபாரஸ்ட்டுக்கும் போனார். ஆக, நான்கு கிளப்புகள், ஒரே பயிற்சியாளர். மெக்கவர்னின் ஓட்டம் பார்க்க அழகாக இருக்காது, வேகமும் இல்லை. பந்தை வாங்கி ஐந்து கஜம் தள்ளி நிற்கும் நம் ஆளிடம் சரியாகக் கொடுப்பார், யாராவது இடத்தை விட்டு முன்னே போனால் அந்த இடத்தில் போய் நின்றுகொள்வார். தொண்ணூறு நிமிடமும் அதுதான் வேலை. அரங்கில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்க வரும் தேர்வாளர் கண்ணில் படக்கூடிய எதையும் அவர் செய்ய மாட்டார். அன்றைய ஸ்காட்லாந்து நடுக்களத்தில் கிரேம் சூனஸ், ஆர்ச்சி ஜெம்மில், புரூஸ் ரியோக், ஆசா ஹார்ட்ஃபோர்டு எல்லாம் இருந்தார்கள். 1979-ல் மியூனிக்கில் மால்மோவை 1-0, அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் கீகன் ஆடிய ஹாம்பர்க்கை 1-0 என்று ஃபாரஸ்ட் வென்றது. அந்த அணியில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களில் ஜான் ராபர்ட்சன், கென்னி பர்ன்ஸ், ஃபிராங்க் கிரே எல்லோரும் நாட்டுக்கு ஆடியவர்கள். அவர்களுக்குக் கேப்டனாக இருந்தவருக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

கிளஃபின் சொந்தக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் ஆடிய காலத்தில் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். இங்கிலாந்து அவருக்குக் கொடுத்தது 1959 அக்டோபரில் இரண்டே ஆட்டங்கள். ஒரு வீரரின் மதிப்பைத் தேர்வுக்குழுவின் கண்ணால் அளக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்டீவ் புரூஸ் கதைதான் இங்கிலாந்தில் அடிக்கடி பேசப்படுவது. 1993 ஏப்ரலில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கு எதிராக ஆட்டம் முடியும் நேரத்தில் தலையால் இரண்டு கோல் அடித்து, 26 ஆண்டுகளாகக் கிளப் காத்திருந்த லீக் பட்டத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தவர். பின்களத்தில் அவருக்குத் துணையாக ஆடிய கேரி பாலிஸ்டருக்கு 22 தொப்பி. புரூஸ் இங்கிலாந்தின் இரண்டாம் அணியான 'பி' அணியோடு நின்றுவிட்டார். டெர்ரி புட்சர், மார்க் ரைட், டெஸ் வாக்கர், டோனி ஆடம்ஸ் என்று வரிசை நீண்டிருந்த காலம் அது. அவர் கால் மெதுவானது என்ற குறையும் இருந்தது. லீக் ஆட்டத்தில் இடம் பார்த்து நின்று அதைச் சரிக்கட்டிவிடுவார். சர்வதேச ஆட்டத்தில் அது நடக்குமா என்று பார்க்க யாரும் துணியவில்லை.

வெஸ்ட் ஹாமின் பில்லி பாண்ட்ஸுக்கு நடந்தது தேர்வாளர் குற்றம் அல்ல. அந்தக் கிளப்புக்கு 799 ஆட்டம் ஆடியவர், 1975-லும் 1980-லும் எஃப்.ஏ. கோப்பையைக் கேப்டனாக வாங்கியவர். 1981-ல் 34 வயதில் பிரேசில் ஆட்டத்துக்கு கிரீன்வுட் அவரைக் கூப்பிடத் தயாராக இருந்தார். அதற்கு முன்னால் வந்த லீக் ஆட்டத்தில் சொந்த கோல்கீப்பர் ஃபில் பார்க்ஸோடு மோதி பாண்ட்ஸின் விலா எலும்புகள் முறிந்தன. அவ்வளவுதான், அந்தக் கதவு மறுபடி திறக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2007 மார்ச்சில் அண்டோராவுக்கு எதிராக இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த டேவிட் நியூஜென்ட் மாற்று வீரராக இறங்கினார். ஜெர்மெய்ன் டிஃபோ அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டப் போகும் கணத்தில் ஓடிவந்து கடைசித் தொடுகை கொடுத்தார். கோல் அவர் பெயருக்குப் போனது. அவருடைய ஒரே சர்வதேச ஆட்டம் அதுதான், ஒரே கோலும் அதுதான். நியூஜென்ட் நல்ல வீரர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலில் அவர் பக்கத்தில் 1 என்றும் புரூஸ் பக்கத்தில் 0 என்றும் இருக்கிறதே, அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தை விட்டு இத்தாலிக்குப் போனால் இன்னொரு விதமான அநியாயம் கண்ணில் படும். அங்கே நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற பெயர் வாங்கினாலும் போதாது.

டாரியோ ஹூப்னர் டிரியெஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் முஜா என்ற சிற்றூர்க்காரர். பெரிய கிளப்பின் இளைஞர் அணி எதிலும் வளர்ந்தவர் இல்லை. உலோக வேலை செய்துகொண்டே கீழ்மட்ட லீக்குகளில் ஆடி, படிப்படியாக ஏறி, 30 வயதில்தான் முதல் நிலை லீக்கான சீரி ஆ-வுக்கு வந்தார். அவர் வந்த முதல் நாளும் விசேஷமான நாள். 1997 ஆகஸ்ட் 31, மிலானின் சான் சீரோ மைதானம். இன்டர் மிலானுக்கு பிரேசிலின் ரொனால்டோ ஆடும் முதல் லீக் ஆட்டம், ஊரே அவரைப் பார்க்கத்தான் வந்திருந்தது. அவ்வளவு பேர் முன்னால் பிரெஷாவுக்காக முதல் கோலை அடித்தவர் முஜாவிலிருந்து வந்த இந்த முப்பது வயதுக்காரர். மாற்று வீரராக இறங்கிய ஆல்வரோ ரெகோபா என்ற உருகுவே பையன் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைத் திருப்பிவிட்டார். மறுநாள் பேப்பரில் ஹூப்னருக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. 2001-02 பருவத்தில் பியாசென்சா என்ற சின்னக் கிளப்புக்கு 24 கோல் அடித்தார். யுவென்டஸின் டேவிட் டிரெஸேகேயோடு சேர்ந்து இத்தாலி லீக்கில் முதலிடம். பருவம் முடியும்போது அவருக்கு 35 வயது. சிகரெட் பிடிப்பதை அவர் மறைத்ததே இல்லை, உடம்பைத் தவமாகப் பேணிய ஆளும் இல்லை. பந்து பெனால்டிப் பகுதிக்குள் வந்தால் எங்கே விழும் என்று மற்றவர்களைவிட அரை நொடி முன்னால் தெரிந்து வைத்திருந்தவர். அந்தக் கோடையில் கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கோப்பை. ஜோவானி டிராபட்டோனி எடுத்துப்போன முன்கள வீரர்கள்: டோட்டி, டெல் பியரோ, வியேரி, இன்சாகி, மான்டெல்லா, டெல்வெக்கியோ. ராபர்ட்டோ பாஜியோவுக்கே அந்த விமானத்தில் இடம் இல்லை. ஹூப்னர் பெயர் எங்கே வரும்?

இதே கதை ஆறு ஆண்டு முன்பும் நடந்தது. 1995-96-ல் பாரி கிளப்பின் இகோர் புரோட்டி 24 கோல் அடித்து லாட்சியோவின் பெப்பே சின்யோரியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அத்தனை கோல் அடித்தும் பாரி கீழ் லீக்குக்கு இறங்கியது. அந்தக் கோடையில் ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 96-க்குப் போன அரிகோ சாக்கியின் இத்தாலி அணியில் இருவருமே இல்லை. சாக்கிக்கு முன்கள வீரர் என்றால் எதிரணி பந்தை எடுக்கும்போதே ஓடிப்போய் நெருக்குபவர். கோல் எண்ணிக்கை அவருக்கு இரண்டாவது. புரோட்டி, ஹூப்னர் இருவரும் இத்தாலியின் முதல் மூன்று நிலை லீக்குகளிலும் அதிக கோல் அடித்தவர் பட்டம் வாங்கியவர்கள். இருவருக்கும் நாட்டுச் சட்டை ஒரு நாளும் கிடைக்கவில்லை.

கோல்கீப்பர் நிலைமை இன்னும் கொடியது. முன்களத்தில் இரண்டு மூன்று இடமாவது உண்டு. கோலில் ஒரே ஒரு இடம், அதில் ஒருவர் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு எழுந்திருக்க மாட்டார். 1969-ல் மாட்ரிட்டில் அயாக்ஸை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை எடுத்த ஏ.சி. மிலானின் கோல்கீப்பர் ஃபாபியோ குடிசினி. உயரமான ஆள், கறுப்பு உடையில் நீண்ட கைகளோடு நிற்பதைப் பார்த்து அவருக்குக் கறுப்புச் சிலந்தி என்று பெயர் வந்தது. அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் இத்தாலியின் கோலில் டினோ ஸோஃபும் என்ரிகோ ஆல்பர்டோசியும் இருந்தார்கள். ஃபாபியோவுக்கு ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. அவர் மகன் கார்லோவும் கோல்கீப்பர் ஆனார். லண்டனில் செல்சி கிளப்பில் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், பிரீமியர் லீக்கின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்வார்கள். அப்போது இத்தாலியின் கோலில் ஜான்லூயிஜி பஃபோன், அவருக்குப் பின்னால் ஃபிரான்செஸ்கோ டோல்டோ. மகனுக்கும் ஒரு ஆட்டமும் இல்லை. தலைமுறைக்கு ஒருவர் என்று அப்பாவுக்கும் மகனுக்கும் முன்னால் வழிமறித்து நின்றவர்கள் உலகக் கோப்பை வென்ற ஸோஃபும் பஃபோனும்! வேறு எந்த ஐரோப்பிய நாட்டில் பிறந்திருந்தாலும் அந்தக் குடும்பத்தில் தொப்பி வைக்க அலமாரி தேவைப்பட்டிருக்கும்.

அப்படிப் பார்த்தால், தவறான காலத்தில் தவறான இடத்தில் பிறந்தவர் என்பதற்கு ஸ்பெயினின் மிகெல் அர்டேடாவைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1982-ல் சான் செபாஸ்டியனில் பிறந்தவர். அந்த ஊர்ச் சிறுவர் கிளப்பான ஆன்டிகுவோகோவில் அவரோடு சேர்ந்து ஆடிய நண்பன் ஷாபி அலோன்சோ. பின்னாளில் பார்சிலோனாவின் இளைஞர் அணியில் வளர்ந்தார். அங்கே அவருக்கு முன்னால் ஷாவி, பின்னால் இனியெஸ்டா. 16 வயதுக்குட்பட்டோர் அணி முதல் 21 வயதுக்குட்பட்டோர் அணி வரை ஸ்பெயினுக்கு ஆடினார். அடுத்த படி மட்டும் மிச்சம்.

இருபது வயதில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2003 மே 25-ம் தேதி அங்கே நடந்ததைச் சொல்லாமல் நகர முடியாது. லீக்கின் கடைசி நாள். ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் புள்ளிகளில் சமம், கோல் வித்தியாசத்திலும் சமம். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இரண்டு ஆட்டம். ரேஞ்சர்ஸ் டன்ஃபெர்ம்லினுக்கு எதிராக 5-1 என்று முன்னால், செல்டிக் கில்மார்னக்குக்கு எதிராக 4-0. அங்கே ஒரு கோல் விழுந்தால் இங்கே பட்டம் கைநழுவும் என்ற நிலை. கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸுக்குப் பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் 21 வயது அர்டேடா. கோல். 6-1. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் ரேஞ்சர்ஸுக்கு. அந்த வயதில் அந்தப் பந்தை உதைக்க முன்வந்தவருக்கு மனத்திடம் போதவில்லை என்று எந்தத் தேர்வாளரும் சொல்லியிருக்க முடியாது.

எவர்டனில் 2005 முதல் 2011 வரை, பிறகு அர்செனலில். இங்கிலாந்தில் அவருடைய நிதானத்தைப் புகழாத ஆள் இல்லை. ஆனால் ஸ்பெயினின் நடுக்களத்தில் அந்த நேரத்தில் யாரெல்லாம்? ஷாவி, இனியெஸ்டா, ஃபாப்ரிகாஸ், டேவிட் சில்வா, நண்பன் அலோன்சோ, பிறகு புஸ்கெட்ஸ், கசோர்லா. தடுப்பு நடுக்களத்துக்கு பிரேசிலில் பிறந்து ஸ்பெயின் குடியுரிமை பெற்ற மார்கோஸ் சென்னா, யூரோ 2008-ன் நாயகர்களில் ஒருவர். 2008, 2010, 2012 என்று மூன்று பெரிய கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற நடுக்களம் அது. அதை உடைத்து ஏன் ஒரு ஆளைச் சேர்க்க வேண்டும்? போதாததற்கு 2009 பிப்ரவரியில், நல்ல ஆட்டத்தில் இருந்தபோது, நியூகாசிலில் அவர் முழங்கால் தசைநார் அறுந்து கிட்டத்தட்ட ஓர் ஆண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது.

2010-ல் ஒரு வழி தெரிந்தது போலிருந்தது. ஐந்து ஆண்டாக இங்கிலாந்தில் வசிப்பவர், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கலாம், இங்கிலாந்துக்கே ஆடலாமே என்று பேச்சு கிளம்பியது. பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோவுக்கும் ஆர்வம் இருந்தது. ஃபிஃபா விதி குறுக்கே வந்தது. ஒரு நாட்டின் இளைஞர் அணிக்கு அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டுமென்றால், இளைஞர் அணிக்கு ஆடிய அந்த நேரத்திலேயே இரண்டாம் நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருந்திருக்க வேண்டும். பதின்ம வயதில் ஸ்பெயினுக்கு ஆடியபோது அர்டேடாவிடம் பிரிட்டிஷ் குடியுரிமை எங்கிருந்து இருக்கும்? ஸ்பெயின் எடுக்கவும் இல்லை, இளைஞர் அணியில் ஆடிய பழைய ஆட்டங்கள் வேறு எங்கும் போக விடவும் இல்லை.

அந்த விதி 2020-ல் தளர்ந்தது. 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், ஆடி மூன்று ஆண்டும் கடந்திருந்தால், பெரியவர்கள் அணிக்கு ஆடியவர்கள்கூடச் சில நிபந்தனைகளோடு நாடு மாறலாம். பிரான்ஸின் இளைஞர் அணிகளில் வளர்ந்த எமெரிக் லபோர்ட்டை டிடியே டெஷாம் பெரிய அணிக்குக் கூப்பிட்டார், ஆனால் ஆட்டத்தில் இறக்கவே இல்லை. 2021-ல் லபோர்ட் ஸ்பெயினுக்கு மாறினார். 2024 யூரோ அரையிறுதியில் மியூனிக்கில் அதே டெஷாமின் பிரான்ஸை ஸ்பெயின் 2-1 என்று தோற்கடித்தபோது ஸ்பெயினின் பின்களத்தில் அவர் இருந்தார். இப்போதெல்லாம் பெரிய போட்டிகளுக்கு 26 பேரை எடுத்துப்போகலாம், நேஷன்ஸ் லீக் என்று ஆட்டங்களும் கூடியிருக்கின்றன. மெக்கவர்ன் போன்ற ஒருவருக்கு இன்று கால் மணி நேரமாவது கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

விதி ஒரு காலத்தில் ரொம்ப இளகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ்லோ குபாலா செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி, ஸ்பெயின் என்று மூன்று நாட்டுக்கு ஆடியவர். அறுபதுகளில் ஃபிஃபா அந்தக் கதவை அடைத்தது. நாடு நாடாகத் தாவி ஆட விடக் கூடாது என்ற நோக்கம் சரிதான். ஆனால் நடுவே முள்வேலி போட்டுப் பிரிக்கப்பட்ட நாட்டில் பிறந்தவனுக்கு அந்த விதி என்ன செய்தது என்று பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது.

நார்பெர்ட் நாக்ட்வை கிழக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்துக் கிளப்பில் ஆடியவர். 1976 நவம்பரில் கிழக்கு ஜெர்மனியின் 21 வயதுக்குட்பட்டோர் அணி துருக்கிக்கு ஆடப் போனது. நாக்ட்வைக்கு அப்போது 19 வயது. அந்தப் பயணத்தில் அவரும், அதே ஹாலே கிளப்பின் கோல்கீப்பர் யூர்கன் பாலும் அணியை விட்டு நழுவி மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். வீடு, அப்பா அம்மா, ஊர் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். தப்பியதற்காக ஓர் ஆண்டு ஆடத் தடை. அதை முடித்துவிட்டு ஐன்டிராக்ட் ஃபிராங்ஃபர்ட்டில் சேர்ந்தார்கள். 1980-ல் ஃபிராங்ஃபர்ட் யூஃபா கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோலில் நின்றவர் பால், அணியில் நாக்ட்வையும் இருந்தார். 1982-ல் நாக்ட்வை பயர்ன் மியூனிக்குக்குப் போனார். பின்களம், நடுக்களம் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். 1985, 86, 87, 89 என்று நான்கு லீக் பட்டங்கள், இரண்டு ஜெர்மன் கோப்பைகள், 1987-ல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம்.

அந்த ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனி 1982-லும் 1986-லும் உலகக் கோப்பை இறுதிக்குப் போனது. நாக்ட்வையை அவர்கள் எடுக்க முடியாது. கிழக்கின் இளைஞர் அணிக்கு ஆடியவர், அதனால் மேற்குக்கு ஆடக் கூடாது. கிழக்குக்கோ அவர் தப்பியோடிய துரோகி. பேசியது ஒரே மொழி, பாஸ்போர்ட்டும் ஜெர்மன்தான். ஆனாலும் கால்பந்தில் அவருக்கு நாடே இல்லாமல் போனது.

பயர்ன் அணியில் அப்போது இன்னொரு நார்பெர்ட் இருந்தார், நார்பெர்ட் ஈடர். அவரும் பின்கள வீரர். ஆர்ப்பாட்டம் இல்லாத ஆட்டக்காரர், 30 வயது வரை தேசிய அணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1986 மே மாதம் ஃபிரான்ஸ் பெக்கன்பாவர் அவரை முதல் தடவையாக இறக்கினார். அடுத்த மாதம் ஈடர் மெக்சிகோவில் இருந்தார். ஜூன் 29 அன்று, அஸ்டெக்கா மைதானத்தில் மரடோனாவின் அர்ஜென்டினாவுக்கு எதிராக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பதினோரு பேரில் அவரும் ஒருவர். அந்தப் பருவம் முழுக்க லீக் பட்டத்துக்காக அவரோடு ஒரே அணியில் ஆடிய நாக்ட்வைக்கு அப்போது வயது 29.